எட்டாம் நாள் கருவாடு

தண்ணீரூற்றுச் சந்தியில் இருந்து வயல் பக்கம் உள்ளே போகிற பாதையில் நீங்கள் காணும் அரிசி ஆலை என்னுடையது. பக்கத்துத் தகரக் கொட்டகையில் அடுக்கியிருக்கும் கதிரைகளும், பந்தல் கம்பிகளும், ஆள் உள்ளே இறங்கிக் கழுவ வேண்டிய கிடாரங்களும் என்னுடையவைதான். இந்தச் சுற்றுவட்டாரத்தில் ஒரு கலியாணமோ, சாமத்தியவீடோ, அந்தியேட்டியோ என் அடுப்பு எரியாமல் நடப்பதில்லை. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு நடந்து வருகிற சனத்துக்கு மோர் ஊற்றுகிற தண்ணீர்ப்பந்தலும் நான் போடுவதே. இதெல்லாம் அப்பன் விட்டுப்போன சொத்து என்று நினைத்துவிடாதீர்கள். சண்டை முடிந்து, அகதி முகாமில் இருந்து எங்களை வெளியே விட்டபோது என் கையில் இருந்தது அடி கறுத்த ஓர் அலுமினியச் சட்டி. பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. நானாக நிறுத்தவில்லை, பள்ளிக்கூடமே எங்களோடு சேர்ந்து இடம்பெயர்ந்து ஓடிக்கொண்டிருந்தது. வங்கியில் கடன் தரவில்லை. வெளிநாட்டில் இருந்து அனுப்ப எனக்கு ஒருவரும் இல்லை. றோட்டுப் போட வந்த கூலியாட்களுக்கு ரொட்டியும் சம்பலும் விற்று, அந்தச் சட்டியைக் கிடாரமாக்கினேன், கிடாரத்தை லொறியாக்கினேன். வயது இன்னும் நாற்பதைத் தொடவில்லை. ஆனாலும் என்னிலும் மூத்தவர்கள் ஒரு பிணக்கென்றால், “பெரியவரைக் கேட்பம்” என்று என் படலையில் வந்து நிற்கிறார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை. இருப்பதைச் சொல்கிறேன்.

இப்பேர்ப்பட்ட என்னைத்தான் எங்கள் சனசமூக நிலையத்தார் ஒரு கல்லில் இருந்து தள்ளி வைத்திருக்கிறார்கள்.

அண்மையில் நிலையத்துக்குப் புது மண்டபம் திறந்தார்கள். வாசற்சுவரில் கறுப்புக் கல் பதித்து, பொன்னெழுத்தில் ஊர் செய்த நல்ல காரியங்களைப் பொறித்திருக்கிறார்கள். திறப்புவிழாச் சாப்பாடு என்னுடையது என்பதைச் சொல்லத் தேவையில்லை. பாயாச வாளியைத் தூக்கிக்கொண்டு போகும்போதுதான் கல்லை வாசித்தேன். கடல் பெருகிக் கரையோரச் சனத்தை அழித்த அந்த மார்கழியில், எங்கள் ஊர் ஏழு நாட்கள் சமைத்துக் கொடுத்ததாம். முதலில் என் பெரியப்பாவின் பெயர். அவர்தான் அப்போது தலைவர். கீழே ஒரு பந்திப் பெயர்கள். அடுப்புக்கு விறகு கொத்தியவர் வரைக்கும் இருக்கிறது. நான் இல்லை. எட்டாம் நாளும் இல்லை.

செயலாளர் தம்பியைப் பிடித்துக் கேட்டேன். படித்த பிள்ளை. மெதுவாகத்தான் சொன்னான்.

“அண்ணை, எட்டாம் நாள் பிரச்சினையாப் போனதல்லோ. அதை ஏன் கல்லிலை போடுவான்?”

பாயாசத்தைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அன்றைய கோபம் இன்னும் ஆறவில்லை. ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் இருக்கிறேன்.

நத்தார்ப் பண்டிகைக்கு மறுநாள் அது. காலையில் எங்கள் படலையில் மீன்காரர் நின்றார். கரையில் இருந்து சைக்கிளில் பெட்டி கட்டி, பாம் பாம் என்று ரப்பர்க் குழலை அமுக்கிக்கொண்டு நாள்தோறும் வருகிறவர். நான் அவரை அண்ணை என்பேன். அவர் வாய் ஓயாது. ஆவணியில் நெல் வெட்டு முடிந்ததும் மனைவியையும் கூட்டிக்கொண்டு வருவார். அந்த அக்கா கருவாட்டைத் தந்து நெல்லை வாங்கிப் போவார். மாரிக்கு என்று ஒவ்வொரு வீட்டுக் குசினியிலும் அவர் தந்த கருவாடு தொங்கும்.

அன்றும் அம்மா வழக்கம்போல விலையில் நின்றார்.

“இந்தப் பொடிச் சூடைக்கு இவ்வளவோ?”

“அக்கா, ஒருநாளைக்குக் கடலிலை இறங்கிப் பாருங்கோ. பிறகு விலை கேக்க மாட்டியள்.”

“இறங்கினா நான் ஏன் உம்மட்டை வாங்கிறன்?”

அவர் சிரித்துக்கொண்டிருக்கும்போதே தெருவால் ஓர் உழவு இயந்திரம் பெட்டி அதிர வந்தது. அதில் நின்றவன், கடல் ஊருக்குள் வந்துவிட்டது என்று கத்தினான். “கடல் எப்பிடியடா வரும்?” என்று அம்மா கேட்டார். மீன்காரர் தராசை அம்மாவின் கையில் கொடுத்தார். சைக்கிள் சரிந்து விழுந்ததைத் திரும்பிப் பார்க்காமல், திரும்புகிற உழவு இயந்திரத்தில் பாய்ந்து ஏறினார்.

சைக்கிளை நான் நிமிர்த்தினேன். பெட்டியில் இருந்த சூடையை அன்றைக்கு ஒருவரும் சமைக்கவில்லை. அம்மா அதைத் தென்னையடியில் கிடங்கு வெட்டித் தாட்டார்.

மத்தியானத்துக்குள் கரைச் சனம் சேறும் கிழிந்த உடுப்புமாகத் தண்ணீரூற்றுப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களுக்கு வரத் தொடங்கிவிட்டது. பின்னேரம் நிலையத்தில் கூட்டம். எங்கள் ஊருக்குப் பொறுப்பான பள்ளிக்கூடத்துக்கு அன்றிரவே முதற்சாப்பாடு போக வேண்டும் என்று பெரியப்பா சொன்னார். சொல்லிவிட்டுக் கதிரையில் இருந்தார். இருந்தவர் இருந்தவர்தான். படலை படலையாகப் போனவன் நான். எனக்குப் பதின்மூன்று வயது. மீன்காரரின் சைக்கிள் எனக்கு உயரம். பாருக்குக் கீழால் காலை விட்டு உழக்கினேன். பெட்டியைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவியிருந்தேன். குழலை மட்டும் கழற்றவில்லை.

பாம் பாம் என்றதும் பக்கத்து வீட்டு மாமி சட்டியோடு ஓடிவந்தார்.

“என்னடா, மீனோ?”

“இல்லை மாமி, அரிசி!”

“உனக்கென்ன விசரோ? அரிசியை ஆரடா தெருவிலை விக்கிறது?”

“விக்கேல்லை மாமி. வாங்க வந்திருக்கிறன். சட்டியை நிரப்பிக் கொண்டு வாங்கோ!”

இப்படித்தான் சேர்ந்தது. அரிசி, தேங்காய், பூசணிக்காய், செத்தல் மிளகாய். மலைநாட்டில் இருந்து வந்து எங்கள் வாய்க்கால் கரையில் குடியேறியவர்கள், தங்கள் பிள்ளைகளுக்கு வைத்திருந்த பால்மாவையே தந்தார்கள். அந்தப் பேணியை வெறுமையாக்கி, மூடியில் ஓட்டை போட்டு, சந்தியில் நின்று பஸ்ஸில் போகிறவர்களிடம் குலுக்கிக் காசு சேர்த்தவனும் நான்தான். பல வருடம் புத்தளத்தில் அகதியாக இருந்துவிட்டுச் சமாதானம் வந்ததும் திரும்பி வந்து கடை திறந்திருந்த முஸ்லிம் முதலாளி ஒருவர் எண்ணெய் தந்தார். தந்துவிட்டு என்னைக் கிட்டக் கூப்பிட்டார்.

“தம்பி, பார்சலுக்கை உப்பைத் தனியாப் பொட்டலம் கட்டி வையுங்கோ. ஆரும் தாற சோத்திலை உப்புக் காணாட்டிலும் கேக்க வாய் வராது. எனக்குத் தெரியும்.”

அவருடைய பெயரும் கல்லில் இல்லை. அவர் கேட்க மாட்டார். அவருக்கும் சேர்த்து நான் கேட்கிறேன்.

கறியைப் பற்றிப் பெரியப்பா கண்டிப்பாக இருந்தார். “இது செத்தவீட்டுச் சோறு. எட்டு முடியும் வரைக்கும் அந்தச் சனத்தின்ரை வாயிலை மச்ச மாமிசம் படக்கூடாது” என்றார். எங்கள் பக்கத்து வழக்கம் அது. செத்தவீட்டில் அடுப்பு மூட்ட மாட்டார்கள். அயலார்தான் மரக்கறிச் சாப்பாடு கொண்டுபோவார்கள். எட்டாம் நாள், போனவருக்குப் பிடித்த மீனும் இறைச்சியும் சமைத்துப் படைத்து, எல்லாரும் இருந்து சாப்பிட்டு எழும்பினால்தான் அந்த வீடு பழையபடி உலகத்துக்கு வந்ததாகக் கணக்கு. ஆகவே பருப்பு, பூசணிக்காய், சொதி. பார்சல் சுற்றுகிற லஞ்சீற் தாள் முடிந்ததும் தேக்கிலையில் கட்டினோம்.

மீன்காரரை அந்தப் பள்ளிக்கூட விறாந்தையில் கண்டேன். தூணோடு சாய்ந்திருந்தார். அக்காவும் இல்லை, மகளும் இல்லை என்று பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள். எத்தனையோ கதைத்த மனிதரின் வாய் அடைத்துப்போயிருந்தது. நான் வைத்த பார்சலை அவிழ்க்கவில்லை. மறுநாள் வைத்ததையும் அவிழ்க்கவில்லை. யாரோ பருக்கிய தேத்தண்ணீரில்தான் உயிர் நின்றது. அவரைத் தின்ன வைக்க வேண்டும் என்பதைத் தவிர அதன் பிறகு எனக்கு வேறு நினைப்பில்லை. ஊர் ஒரு பள்ளிக்கூடத்துக்குச் சமைத்தது. உண்மையைச் சொன்னால், நான் ஒரு மனிதருக்காகத்தான் தெருத் தெருவாகக் குழல் அடித்தேன்.

“பூசணிக்காயைக் கண்டா அவருக்குச் சோறு இறங்குமோ?” என்று அம்மாவிடம் சண்டை பிடித்தேன். “கடற்கரை மனிசர், மீன் இல்லாமல் ஒருநாளும் திண்டிருக்க மாட்டார்.”

“அவருக்குச் சோறு இறங்காதது பூசணிக்காயாலை எண்டு நினைக்கிறியோ?” என்றார் அம்மா.

எட்டு நெருங்கியது. பெரியப்பா மறுபடியும் கூட்டம் வைத்தார்.

“இந்தச் சனத்துக்கு ஆர் எட்டுச் செய்யிறது? செய்ய வேண்டியவையும் போயிட்டினம். நாங்கள் செய்வம்.”

“அதிலை பாதிப்பேர் வேதக்காரரல்லோ?” என்று கிறிஸ்தவர்களை நினைத்து யாரோ இழுத்தார்கள்.

“செத்தவைக்கு எல்லாருக்கும் ஒரே எட்டுத்தான்” என்று பெரியப்பா கதையை முடித்தார்.

நல்ல மனதோடு எடுத்த முடிவு. அதை நான் இன்றைக்கும் மறுக்கவில்லை. ஆனால் மச்சத்துக்கு எங்கே போவது? அவ்வளவு சனத்துக்கு ஆடு அடிக்க வசதியில்லை. கடலில் ஒருவரும் இறங்கவில்லை. எல்லாரும் முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பின்னால் நின்று ஒருவன் கத்தினான்: “கருவாடு இருக்கு! எல்லார் வீட்டுக் குசினியிலையும் தொங்குது!”

கத்தியவன் யார் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். “எட, இவனுக்கல்லோ மூளை!” என்று பெரியப்பா என் முதுகில் தட்டினார். ஊர் முழுக்கச் சாட்சி. கரைச் சனம் அந்தக் கிழமை மீனை எந்தக் கண்ணால் பார்க்கும் என்று அங்கே இருந்த ஒருவருக்கும், ஒருவருக்கும் தோன்றவில்லை. எங்கள் தெருவுக்குத்தான் மீன் வரவே இல்லையே. வந்திருந்தால் எங்களுக்கே தொண்டையில் நின்றிருக்கும்.

மறுபடி குழல் அடித்தேன். வீட்டுக்கு வீடு மாரிக்கு வைத்திருந்ததை இறக்கித் தந்தார்கள். கடைசியாக எங்கள் குசினி. அடுப்புக்கு மேலே கொழுவியில் ஒரு முழுக் கட்டா மீன் கருவாடு தொங்கியது. அக்கா நெல்லுக்குத் தந்ததிலேயே பெரியது. வாற்பக்கத்தில் வலைநூலால் ஒரு வளையம் போட்டு முடிந்திருக்கும். எலி ஏறாமல் கொழுவ வேண்டும் என்று அக்கா தன் கையால் முடிந்து தருவது. அதை நான் எட்டிப் பிடித்தபோது அம்மா தடுத்தார்.

“அதை விடடா. அது அவள் தந்தது.”

“அதுதானே அம்மா. அவையின்ரை சாமானை அவைக்குத்தானே குடுக்கப் போறம்!”

அம்மா அதைத் தானே கொழுவியில் இருந்து இறக்கினார். பிறகு அரிவாளில் வைத்து இரண்டாக்கினார். தலைப்பக்கத்தை என்னிடம் தந்தார். வாற்பக்கத்தை வளையத்தோடு பழைய கொழுவியிலேயே மாட்டினார். “பாதி காணும்” என்றார். அம்மாவைக் கஞ்சத்தனக்காரி என்று அன்றைக்கு மனதுக்குள் திட்டினேன்.

எட்டாம் நாள் வகுப்பறைகளில் வரிசையாக வாழையிலை போட்டோம். முன்னால் தலைவாழையிலையில் படையல். குத்துவிளக்கு ஏற்றினோம். வேதக்காரர் தங்கள் மெழுகுதிரிகளைக் கொண்டுவந்து விளக்குக்குப் பக்கத்திலேயே வைத்தார்கள். அதுவரை எல்லாம் சரி. கருவாட்டுக் குழம்புக் கிடாரத்தின் மூடியைத் திறந்தேன்.

வாசம் விறாந்தையால் போனது. முன்வரிசையில் இருந்த ஒரு கிழவி இலையைத் தள்ளிக்கொண்டு எழும்பினார்.

“ஆரடா இதைக் கொண்டந்தது? எங்கடை பிள்ளையளைத் திண்ட கடல்! அதின்ரை மீனை எங்களுக்கே ஊட்ட வந்தனீங்களோ?”

ஒருவர் பின் ஒருவராக எழும்பினார்கள். யாரோ ஓங்கரித்தார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அகப்பையோடு நின்று கத்தினேன்: “ஆச்சி, இது ஆவணிக் கருவாடு! அலைக்கு முதலே காய்ஞ்சது! இது ஒருத்தரையும் தின்னேல்லை!”

கணக்கு சரிதானே? எந்த நீதிமன்றத்திலும் நிற்கும். ஆனால் அந்த வகுப்பறையில் நிற்கவில்லை. கிழவி என்னைப் பார்த்த பார்வையில் அகப்பை கையைவிட்டு நழுவியது.

அப்போதுதான் பெரியப்பா ஒலிபெருக்கியைக் கையில் எடுத்தார். “மன்னிச்சுக் கொள்ளுங்கோ. இது எங்கடை பொடியன் ஒருத்தன் விவரம் தெரியாமல் கொண்டந்தது” என்றார். பொடியன் யார் என்று சனத்துக்குத் தெரியாமல் போய்விடும் என்று பயந்தாரோ என்னவோ, என் பெயரையும் தகப்பன் பெயரையும் சேர்த்துச் சொன்னார். ஒருமுறை சொன்னது காணாது என்று மறுபடியும் சொன்னார். வாழ்க்கையில் முதன்முதலாக என் பெயர் ஒலிபெருக்கியில் போனது அன்றைக்குத்தான். கூட்டத்தில் என் முதுகில் தட்டிய கை அதே கைதான்.

அழுதுகொண்டு விறாந்தைக்கு வந்தேன். மீன்காரர் தூணோடு இருந்தார். அவருக்கு முன்னால் யாரோ வைத்த இலை. அதில் சோறும் சொதியும், ஓரத்தில் நான் காலையிலேயே தனியாகப் பொரித்து வைக்கச் சொன்ன கட்டாத் துண்டும். தொட்டிருக்கவில்லை. இவரும் இப்படியா என்று எனக்குப் பொங்கிக்கொண்டு வந்தது.

“அண்ணை, நீங்களாவது தின்னுங்கோ. இது அக்கா தந்த கட்டா.”

அவர் தலையை நிமிர்த்தினார்.

“எது?”

எட்டு நாளில் அவர் வாயில் இருந்து வந்த முதற்சொல் அது. எனக்கு உற்சாகம் வந்துவிட்டது.

“ஆவணியிலை நெல்லுக்கு மாறினதல்லோ, அது. பாதியைத்தான் அம்மா தந்தவா. மற்றப் பாதி வீட்டிலை தொங்குது.”

“அவள் முடிஞ்ச நூலோடையோ?”

“ஓம்.”

“கொண்டு வா தம்பி.”

அவருடைய சைக்கிளிலேயே பறந்தேன். கறி வேண்டாம் என்று சனம் திட்டினாலும் என்ன, கேட்டு வாங்கித் தின்ன ஒரு மனிதர் இருக்கிறாரே! அம்மா மறுபேச்சில்லாமல் கொழுவியில் இருந்து கழற்றித் தந்தார். திரும்பி வந்து அவர் கையில் கொடுத்தேன். அவர் அந்த வளையத்தை விரலில் மாட்டித் தூக்கிப் பிடித்தார். பெருவிரலால் முடிச்சைத் தடவினார். மணந்தும் பார்க்கவில்லை, கடித்தும் பார்க்கவில்லை. எழும்பிப் போய் வகுப்பறை யன்னல் கம்பியில் அதைக் கொழுவினார். திரும்பி வந்து இருந்தார். பொரித்த துண்டை இலையில் இருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்தார். சொதியை ஊற்றிச் சோற்றைப் பிசைந்து தின்னத் தொடங்கினார். கண்ணால் நீர் ஓடியது, கை நிற்கவில்லை. இலையை வழித்துத் தின்றார்.

“பொரிச்சுத் தரட்டோ அண்ணை, அந்தப் பாதியை?”

“வேண்டாம்.”

“மழைக் குளிருக்குப் பூஞ்சணம் பிடிச்சுப் பழுதாப் போயிடும்.”

“போகட்டும்.”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. தானும் தின்னாமல், மற்றவர்களுக்கும் கொடுக்காமல், நல்ல கட்டாக் கருவாட்டை யன்னலில் தொங்கவிட்டுப் பழுதாக்குகிறாரே! இதற்காகவா அவ்வளவு தூரம் சைக்கிள் உழக்கினேன்? வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அதையே சொல்லிச் சொல்லித் திட்டினேன். அவ்வளவு அருமையான சாமானைக் கேட்டு வாங்கி வீணாக்குகிற மனிதருக்கு இனி ஒன்றும் கொண்டுபோக மாட்டேன் என்றேன். அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேலே வெறுங் கொழுவி ஆடிக்கொண்டிருந்தது. பிறகு இடம்பெயர்ந்து போகும்வரை அம்மா அதில் வேறொன்றையும் மாட்டவில்லை. ஏன் என்று நான் கேட்கவும் இல்லை. பதின்மூன்று வயதில் எனக்குத் தெரிந்ததெல்லாம், கருவாடு தின்கிற சாமான் என்பது மட்டும்தான்.

அந்தச் சனத்தைக் கொட்டில்களுக்கு மாற்றியபோது மீன்காரர் கையில் ஒரு சொப்பிங் பையோடு போனார். உள்ளே என்ன என்று எனக்குத் தெரியும். அந்த அலையில் அவருடைய வீடு அத்திவாரத்தோடு போனது. ஒரு படம் மிஞ்சவில்லை, ஒரு சீலைத் துண்டு மிஞ்சவில்லை. பின்னால் வந்த சண்டையில் அவரை எங்கே தவறவிட்டோம் என்று இன்றுவரை தெரியாது. இருந்திருந்தால் எனக்காகச் சாட்சி சொல்ல வந்திருப்பார்.

ஆகவே நிலையத்தாருக்கு நான் சொல்வது இதுதான். கல்லில் ஏழு நாள் என்று இருப்பது பிழை. எட்டு நாள் சமைத்தோம். ஏழு நாளும் நீங்கள் கொடுத்த மரக்கறிச் சோற்றை அவிழ்க்காத மனிதர், எட்டாம் நாள்தான் தின்றார். குற்றம் சொல்ல வேண்டி வந்தபோது பள்ளிக்கூடம் முழுக்கக் கேட்கும்படி என் பெயரை, தகப்பன் பெயரோடு சேர்த்துச் சொன்னீர்கள். அப்போது பிழையில்லாமல் சொல்ல முடிந்த பெயர் இப்போது மறந்துபோயிருக்காது. கல்லின் அடியில் இடம் கிடக்கிறது. நான் அளந்து பார்த்துவிட்டேன். பொறிக்கிற கூலியையும் நானே தருகிறேன். எட்டாம் நாள் என்று போட்டு, கருவாடு கொண்டுவந்தவன் என்று என் பெயரை வெட்டுங்கள். அதற்குப் பக்கத்தில், பாதியை வைத்துக்கொண்டவர் என்று என் அம்மாவின் பெயரையும் வெட்டுங்கள். அதுவரை அந்த மண்டபத்துக்கு என் கிடாரம் வராது.